மணலி புதுநகர் ஆற்றுநீர் முதல் மன்னார் வளைகுடா வரை: சாட்டை வால் கொண்ட ஒற்றைச் செல் உயிர்கள் நமக்கு என்ன சொல்கின்றன?

மணலி புதுநகரை ஒட்டி ஓடும் கொசஸ்தலை ஆறு, எண்ணூர் கழிமுகத்தில் கடலோடு சேர்கிறது. பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்தால் இந்தப் பகுதிக்கு வெள்ள பயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இதே கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. இந்தத் தண்ணீர் செய்தியில் வருவதே பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரங்களில்தான்.

ஆனால், அதே தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் வாழ்கிறது. ஒரே ஒரு செல்தான் மொத்த உடம்பு. நீந்துவதற்குச் சாட்டை மாதிரி ஒரு வால், சிலவற்றுக்கு இரண்டு, இன்னும் சிலவற்றுக்கு அதற்கும் மேல். இவற்றின் பெயர் கசையிழை உயிரிகள்.

மனிதன், மாடு, வேப்பமரம், காளான் எல்லாவற்றின் செல்லும் ஆதியில் எப்படி உருவானது என்று தேடும் விஞ்ஞானிகள், தவறாமல் திரும்பிப் பார்ப்பது இந்தக் குட்டி உயிர்களைத்தான். மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியதற்குக் காரணமும் இவற்றில் ஒன்றுதான். இரண்டு கதைக்கும் நடுவில் இருப்பது ஒரே விஷயம்: ஆக்சிஜன்.

கசையிழை உயிரி என்றால் என்ன?

கசை என்றால் சாட்டை. செல்லிலிருந்து நீளமாக நீட்டிக்கொண்டு, சாட்டை வீசுவதுபோல வளைந்து அடிக்கும் இழைக்குப் பெயர் கசையிழை. அதை வைத்து நீந்தும் ஒற்றைச் செல் உயிர்கள்தான் கசையிழை உயிரிகள். பள்ளிப் பாடத்தில் வரும் யூக்ளினா இதற்குத் தெரிந்த உதாரணம்.

இவை எல்லாம் ஒரே குடும்பம் கிடையாது. சில பச்சையாக இருக்கும், செடி மாதிரி வெயிலில் உணவு தயாரிக்கும். சில பாக்டீரியாவைப் பிடித்துத் தின்னும். சில இரண்டையும் செய்யும். 'கசையிழை உயிரி' என்பது, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்று சொல்வதுபோல, நகரும் விதத்தை வைத்து வந்த பெயர்.

பொதுவாகக் கடலோரத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால், அதில் பாக்டீரியா மட்டும் சுமார் 10 லட்சம் இருக்கும். அவற்றைத் தின்னும் கசையிழை உயிரிகள் சில நூறு முதல் சில ஆயிரம் வரை இருக்கும். கழிமுகம், குளம், ஈரமான மண், சாக்கடை என எங்கும் இவை உண்டு.

மணலிக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தமே உண்டு. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து, பிறகு ஆர்.ஓ. முறையில் மேலும் சுத்தம் செய்து, மணலி, எண்ணூர் பகுதி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஆலைகளுக்குப் போகவேண்டிய நல்ல தண்ணீரை ஊருக்கு மிச்சப்படுத்துவதே இதன் நோக்கம்.

கழிவுநீரில் உள்ள அழுக்கை முதலில் தின்பது பாக்டீரியா. அதற்காகத்தான் சுத்திகரிப்புத் தொட்டிகளில் இடைவிடாமல் காற்றை ஊதுகிறார்கள். அந்த பாக்டீரியாவை அடுத்துத் தின்பது கசையிழை உயிரிகளும் அவற்றின் உறவுகளான சிற்றிழை உயிரிகளும். தண்ணீர் கலங்கல் இல்லாமல் தெளிவதற்கு இந்த இரண்டாவது பந்தி அவசியம்.

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் தொட்டியின் சேற்றில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது வழக்கம். கசையிழை உயிரிகள் மட்டும் ஏராளமாக இருந்தால், தொட்டி இன்னும் 'செட்' ஆகவில்லை, இல்லை என்றால் அழுக்கின் அளவு தாங்கமுடியாமல் போகிறது என்று அர்த்தம். சிற்றிழை உயிரிகள் பெருகினால் வேலை சரியாகப் போகிறது. அதாவது, இவை தண்ணீரின் நாடி பார்த்துச் சொல்லும் உயிர்கள்.

பாக்டீரியாவும் ஒரு செல்தானே, என்ன வித்தியாசம்?

அளவில் மட்டுமல்ல, அமைப்பிலேயே பெரிய வித்தியாசம். பாக்டீரியா ஒரே அறை வீடு மாதிரி. மரபுப்பொருளான டி.என்.ஏ. உட்பட எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும்.

கசையிழை உயிரியின் செல் பல அறைகள் உள்ள வீடு. டி.என்.ஏ.வைப் பூட்டி வைக்க உட்கரு என்ற தனி அறை. உணவைச் செரிக்க ஒரு அறை. ஆற்றல் எடுக்க மைட்டோகாண்ட்ரியா. நம் உடம்பின் செல்லும் இதே பிளான்தான். இப்படிப்பட்ட செல்லை யூகேரியோட் செல் என்பார்கள்.

வாலிலும் வித்தியாசம் உண்டு. பாக்டீரியாவின் வால் மோட்டாரில் மாட்டிய விசிறி போலச் சுழலும். கசையிழை சுழலாது, வளைந்து அடிக்கும். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் இரண்டு நுண்குழாய், சுற்றி ஒன்பது ஜோடி. ஆண் விந்தணுவின் வாலிலும் இதே கணக்கு. நம் மூச்சுக்குழாயில் தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் குட்டி இழைகளிலும் இதே கணக்குதான். கனரக லாரி ஓடும் மணலி சாலையில் தினமும் போய் வருபவரின் நுரையீரலைக் காப்பதும், கழிமுகத்துச் சேற்றில் நீந்தும் உயிரியின் வாலும் ஒரே பரம்பரை.

ஒரு செல்லுக்குள் இன்னொரு செல் குடியேறியது எப்படி?

பூமிக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டு. உயிர் தோன்றி மிக நீண்ட காலம், இங்கே ஒரே அறை செல்கள் மட்டும்தான் இருந்தன. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் ஆக்சிஜன் கூடத் தொடங்கியது. சூரிய ஒளியில் உணவு தயாரித்த நீலப்பச்சை பாக்டீரியாக்கள் வெளியேற்றிய வாயு அது. அதன் பிறகுதான் பல அறை செல்லின் தடயங்கள் பாறைகளில் கிடைக்கின்றன.

நடுவில் என்ன நடந்தது? 1967இல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா, இன்னொரு செல்லுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது என்பது அவர் வாதம். செடியின் பசுங்கணிகமும் அப்படி வந்ததுதான் என்றார். இந்த மாதிரிக் கருத்தை வேறு சிலர் முன்பே சொல்லியிருந்தாலும், ஆதாரங்களை வரிசையாக அடுக்கியவர் அவர். பல ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பின.

பிறகு டி.என்.ஏ. ஆய்வு வந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனி டி.என்.ஏ. இருக்கிறது, அது பாக்டீரியா டி.என்.ஏ. மாதிரியே இருக்கிறது என்பது உறுதியானது. செல் பிளவதுபோல, மைட்டோகாண்ட்ரியாவும் இரண்டாகப் பிளந்துதான் பெருகுகிறது.

வாடகைக்கு ஒரு போர்ஷனில் வந்தவர், காலப்போக்கில் வீட்டுக்காரரோடு ஒரே அடுப்பில் சமைத்து, தன் பத்திரங்களையெல்லாம் அவர் பீரோவிலேயே வைத்துவிட்டால் எப்படி இருக்கும்? மைட்டோகாண்ட்ரியாவின் கதை அதுதான். அதன் மரபணுக்களில் பெரும்பாலானவை செல்லின் உட்கருவுக்கு மாறிவிட்டன. மனித மைட்டோகாண்ட்ரியாவில் இன்று மிச்சம் இருப்பது 37 மரபணு மட்டும். இனி அது தனியாக வாழ முடியாது. அது இல்லாமல் நாமும் வாழ முடியாது.

வடசென்னை அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறது. மைட்டோகாண்ட்ரியா நாம் சாப்பிட்டதிலிருந்து ஆற்றல் எடுக்கிறது. இரண்டுக்குமே ஆக்சிஜன் வேண்டும். நாம் மூச்சு இழுப்பதே முக்கியமாக இந்தப் பழைய குடித்தனக்காரருக்காகத்தான்.

மார்குலிஸ் சொன்ன எல்லாமே சரியாகிவிடவில்லை. கசையிழையும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பாக்டீரியாதான் என்றும் அவர் நம்பினார். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கசையிழை, செல் தானாகவே உருவாக்கிக்கொண்ட உறுப்பு என்பதே இன்றைய நிலை.

வீட்டுக்காரர் யார்?

குடிவந்தவர் பாக்டீரியா. சரி, இடம் கொடுத்தவர் யார்? இந்தக் கேள்விக்கு 2015இல் ஒரு துப்பு கிடைத்தது. நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே, 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து எடுத்த கடல் சேற்றில், ஒரு புது வகை ஆர்க்கியாவின் மரபணுக்கள் கிடைத்தன. ஆர்க்கியா என்பது பார்க்க பாக்டீரியா மாதிரி இருக்கும், ஆனால் வேறு பரம்பரை. சதுப்பு நிலச் சேற்றில் மீத்தேன் வாயு குமிழ்விடுவதற்குக் காரணமான உயிர்களும் ஆர்க்கியாதான்.

புதிதாகக் கிடைத்த இந்த வகையிடம், யூகேரியோட் செல்லுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த பல மரபணுக்கள் இருந்தன. நார்வே நாட்டுப் புராணப் பெயரை ஒட்டி, இந்தக் கூட்டத்துக்கு ஆஸ்கார்ட் ஆர்க்கியா என்று பெயர் வைத்தார்கள்.

ஜப்பான் விஞ்ஞானிகள் இதில் ஒன்றை ஆய்வகத்தில் வளர்த்தே காட்டினார்கள். அதற்கு 12 ஆண்டுகள் ஆயின. முடிவு 2020இல் வெளியானது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இந்த ஆர்க்கியா ஒரு முறை இரட்டிப்பாக 14 முதல் 25 நாட்கள் எடுத்தது. அதன் உடம்பிலிருந்து நீளமான கைகள் மாதிரி இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அது தனியாக வாழவில்லை, வேறு நுண்ணுயிரோடு கொடுக்கல் வாங்கலில்தான் வாழ்ந்தது. நம் ஆதி செல்லும் இப்படித்தான் பக்கத்து வீட்டு உறவில் தொடங்கி, ஒரே வீடாகியிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

அந்த ஆதி செல்லுக்கும் வால் இருந்ததா?

இருந்தது என்றே விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். காரணம் எளிது. விலங்கு, பாசி, சில பூஞ்சைகள், யூக்ளினா என ஒன்றுக்கொன்று தூரமான பல கிளைகளிலும் அதே ஒன்பது ஜோடிக் கசையிழை இருக்கிறது. தாத்தாவிடம் இருந்தால்தான் எல்லாப் பேரன்களிடமும் வர முடியும். அதாவது, இன்றுள்ள எல்லா யூகேரியோட்டுகளுக்கும் பொதுவான முன்னோர் ஒரு கசையிழை உயிரி.

பழைய அடையாளத்தை இன்னும் கைவிடாத கசையிழை உயிரிகளும் உண்டு. ரெக்லினோமோனாஸ் என்ற நன்னீர் உயிரியின் மைட்டோகாண்ட்ரியாவில் 97 மரபணுக்கள் இருப்பதை 1997இல் கண்டுபிடித்தார்கள். நம்முடைய 37ஐவிட இரண்டரை மடங்குக்கு மேல். பாக்டீரியாவாக இருந்த காலத்துப் பத்திரங்களை அது இன்னும் தன்னிடமே வைத்திருக்கிறது.

நேர் எதிரான கதையும் உண்டு. சின்சில்லா என்ற சிறு விலங்கின் குடலில் வாழும் மோனோசெர்கோமோனாய்ட்ஸ் என்ற கசையிழை உயிரியில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை என்று 2016இல் தெரியவந்தது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்வதால் அதற்குத் தேவைப்படவில்லை. முன்னோரிடம் இருந்ததை, பிறகு தொலைத்துவிட்டது.

நம்ம ஊர்க் கடலில் இதற்கு உதாரணம் இருக்கிறதா?

இருக்கிறது. அதைச் சென்னைக்காரர்கள் பலர் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. 2024 அக்டோபரிலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் அதே காட்சி. ஒளிர்ந்தது நாக்டிலூக்கா சின்டிலன்ஸ் என்ற கசையிழை உயிரி.

அரை மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் மேல் வளரும் இது, ஜவ்வரிசி போல் உருண்டையாகக் கண்ணுக்கே தெரியும். 1810இல் இதைப் பதிவு செய்த ஒருவர், ஜெல்லி மீன் என்றே நினைத்துப் பெயர் வைத்தார். ஆனால் இது ஒரே செல். அலை மோதும்போதோ, துடுப்பு படும்போதோ இதன் உள்ளே ஒரு வேதிவினை நடந்து நீல ஒளி வருகிறது.

நாக்டிலூக்காவில் இரண்டு வகை. ஒன்று மற்ற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்று மட்டும் வாழும். அது பெருகினால் பகலில் தண்ணீர் செந்நிறமாகத் தெரியும். இன்னொன்று பச்சை வகை. இதில்தான் சுவாரசியம்.

1954இல் கோழிக்கோடு கடல் பச்சையாக மாறியதைப் பற்றி ஆர். சுப்ரமண்யன் என்ற விஞ்ஞானி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1946இலேயே சென்னைக் கடற்கரையின் டயட்டம் பாசிகளை விரிவாகப் பட்டியலிட்டவர் இவர். நாக்டிலூக்கா பச்சையாக இருப்பதற்குக் காரணம், அதன் உடம்புக்குள் வாழும் இன்னொரு பச்சைக் கசையிழை உயிரிதான் என்று அவர் காட்டினார். அதற்கு புரோட்டோயூக்ளினா நாக்டிலூகே என்று பெயர் வைத்தார்.

1976இல் வேறொரு விஞ்ஞானி அந்தப் பெயரை மாற்றினார். 2016இல் மரபணு ஆய்வு வேறு தீர்ப்பு சொன்னது. சுப்ரமண்யன் நினைத்ததுபோல இது யூக்ளினா வகை அல்ல, பச்சைப் பாசி வகை. ஆனாலும் இதை ஒரு தனி இனமாக அவர் பிரித்தது சரி. அதனால் அவர் வைத்த பெயரே திரும்பி வந்தது.

ஒரு நாக்டிலூக்காவுக்குள் இப்படி ஆயிரக்கணக்கான பச்சை உயிர்கள் நீந்துகின்றன. அவை வெயிலில் தயாரிக்கும் உணவு வீட்டுக்காரருக்கும் கிடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா மாதிரி இவை இன்னும் உறுப்பாக மாறவில்லை. வால் அப்படியே இருக்கிறது, தனி உயிராகவே இருக்கின்றன. 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நம் முன்னோருக்கு நடந்த குடியேற்றத்தின் ஆரம்பக் கட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு, இது கண்ணெதிரே இருக்கும் ஒரு மாதிரி.

பிறகு ஏன் மீன்கள் செத்தன?

2019 செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் திட்டுத்திட்டாகப் பச்சையானது. மீன்கள் செத்து ஒதுங்கின. 2008இலும் இங்கே இப்படி நடந்திருக்கிறது. காரணம் நாக்டிலூக்காவின் பெருக்கம்.

இந்த உயிரி விஷம் கக்கிக் கொல்வதாகத் தெரியவில்லை. அதன் உடம்பில் அமோனியா அதிகம், அது ஒரு தொல்லை. பெரிய ஆபத்து வேறு. கோடிக்கணக்கில் பெருகியவை செத்து மூழ்கும்போது, அவற்றை பாக்டீரியா சிதைக்கிறது. அந்த வேலையில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது.

2019இல் தூத்துக்குடியைச் சேர்ந்த சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தினர் தீவுகளுக்கு அருகே அளந்தபோது, பாதித்த இடங்களில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. கடல் உயிர்கள் நிம்மதியாக வாழ அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். பவளப்பாறைகளும் மடிந்தன. பவளத்துக்குள் உணவு தயாரித்துத் தருவதும் ஒரு கசையிழை உயிரிதான். ஒரு கசையிழை உயிரியை நம்பி வாழ்ந்த பவளத்தை இன்னொன்று மூச்சுத் திணறவைத்தது.

எண்ணூர், மணலி மக்கள் இதை ஏன் கவனிக்க வேண்டும்?

நாக்டிலூக்கா பெருகுவதற்கு ஒரே காரணம் கிடையாது. வெப்பம், காற்று, நீரோட்டம், தண்ணீரில் சேரும் சத்து எல்லாம் கூடி வரவேண்டும். இதில் மனிதன் கையில் இருப்பது கடைசி ஒன்று. கழிவுநீரும் உரச்சத்தும் கலந்தால் பாசி பெருகும். பாசி பெருகினால் அதைத் தின்னும் நாக்டிலூக்காவுக்கு விருந்து.

எண்ணெய் கலந்தாலும் கணக்கு ஒன்றுதான். எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாவும் ஆக்சிஜனைத்தான் செலவழிக்கிறது. மேலே படலம் மூடியிருந்தால், காற்றிலிருந்து புது ஆக்சிஜன் கரைவதும் குறையும். கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழும் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களுக்கு இது நேராக வருமானத்தில் அடிக்கும் விஷயம்.

அதனால் நீல அலையைப் பார்க்க யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் பகலில் தண்ணீர் திடீரென்று பச்சையாகவோ சிவப்பாகவோ மாறினால், மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவித்தால், மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்வது நல்லது. செத்து ஒதுங்கிய மீனைச் சமைக்க எடுக்கக் கூடாது.

கழிமுகத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு எண் பெரிய உதவி: ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்பது. அந்த எண் இறங்கினால் முதலில் திணறுவது மீனும் இறாலும். அவற்றின் செல்லுக்குள்ளும், அதைப் பிடிக்கப் போகிறவரின் செல்லுக்குள்ளும் ஆக்சிஜனுக்காகக் காத்திருப்பது அதே மைட்டோகாண்ட்ரியாதான்.